தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

முகத்தைப் பார்க்கக்கூடாது என்பது
இந்த வேலைக்கு நானே வைத்துக்கொண்ட விதி.
முகம் கேட்டவர்க்கெல்லாம் சொந்தமாகும்.
விசைக்கு முன்னால் வயிற்றைப் பார்ப்பேன்.
தொந்தி சரிந்திருந்தால் கர்கானோ,
இத்தாலியனிடம் பிடுங்கியது.
வயிறு ஒட்டியிருந்தால் மான்லிஹர்:
ஐந்து தோட்டாவையும் உள்ளே சுருட்டிக்கொண்டு
பட்டினி கிடப்பதுபோல் நடிக்கும்.

யானினாவில் மழை.
ஏரியைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே
பெட்டி எண் பதினேழு, கண்ணாடித் தகடுகள்.
கோவேறு கழுதையின் முதுகில்
மலைப் பீரங்கியின் ஒற்றைச் சக்கரம்.
மற்றது அடுத்த படத்தில், அடுத்த கழுதைமேல்.
குழலைச் சுற்றி ஐந்து வளையம் எண்ணி
ஹாட்ச்கிஸ் என்று எழுதினேன்.
வளையத்தின்மேல் யாரோ காயப்போட்ட காலுறை
அட்டையில் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.

நாற்பத்தொன்றாம் படத்துக்குப்
பெயர் ஏற்கெனவே இருந்தது. ஸீஸிஸ்.
மார்புக்குக் குறுக்கே துப்பாக்கி,
இடது கையில் சுண்டுவிரல் இல்லை.
மெட்சொவோ மர அறுவை ஆலை தின்ற விரல்.
எலும்பாகக்கூட அல்பேனியாவிலிருந்து திரும்பாதவரை
விரலில்லா இடத்தை வைத்துக் கண்டுபிடித்தவர்
மகன் ஸ்டெர்ஜியோஸ்,
பேருந்தில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதித்தவர்.
பிறந்தது அப்பா போன பிறகு.
மூன்று வருடமாக அந்த முகம்
வெறும் குழியின் தலைமாட்டில்
முட்டை வடிவப் பீங்கானில் பதிந்திருக்கிறது.

நான் துப்பாக்கியைத்தான் பார்த்தேன்.
மான்லிஹர், சந்தேகமில்லை.
ஆனால் தாழ்ப்பாள்
இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் படையில் எவனுக்கும்
இடப்பக்கத் தாழ்ப்பாள் கொடுத்ததில்லை.
மேலங்கியைப் பார்த்தேன்:
பொத்தான்கள் பெண்பிள்ளை உடுப்பில்போல்.
தகட்டைத் தலைகீழாய் வைத்து அச்சிட்டிருக்கிறான்
அந்த ஊர்ப் புகைப்படக்காரன்,
அவசரமோ, குளிரோ, சாராயமோ.
திருப்பிப் போட்டேன்.
துப்பாக்கி சரியானது. பொத்தான் சரியானது.
விரல் மட்டும்
வலது கைக்குப் போய்விட்டது.

ஒரு வாரம் சொல்லவில்லை.
பக்கத்து மேசை கலிரோய்
"கல்லறையில் யாருக்குத் தாழ்ப்பாள் தெரியப்போகிறது" என்றாள்.
எனக்குத் தெரியுமே.

மத்தியானப் பேருந்தில் வந்தார்,
குடையை வாசலில் உதறாமல்.
விளக்குப் பெட்டியின்மேல்
இப்படி வைத்தேன், அப்படி வைத்தேன்.
பழைய டிக்கெட்டைப் பார்ப்பவர்போல்
இரண்டு பக்கமும் பார்த்தார்.
கோபம் வரும் என்று
தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன்; தொடவில்லை.
"இவன் யார் பெற்ற பிள்ளையோ,
மூன்று வருடமாய் எண்ணெய் விளக்கு ஏற்றுகிறேன்."
சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமலிருந்தார்.

பிறகு எழுந்து
எனக்கு நேர் எதிரே நின்று
வலது கையைத் தூக்கிக் காட்டினார்.
"இது உங்களுக்கு எந்தப் பக்கம்?"
என் இடப்பக்கம், என்றேன்.

"கல்யாணமாகி ஏழு மாதம்.
அம்மா அவரைப் பார்த்ததெல்லாம்
சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்புறமிருந்து.
இடது என்றால்
அவள் யாருடைய இடதைச் சொன்னாள்?"

எனக்குத் துப்பாக்கிகள் தெரியும்.
குழலின் நீளம், வாரின் கொக்கி,
பனியில் எந்த எண்ணெய் உறையும் என்பதுவரை.
அவர் கை இன்னும் இறங்கவில்லை.
ஐந்து விரலும் இருந்த கை, லேசாய் நடுங்கியது.

அட்டையில் மையால் எழுதினேன்:
மான்லிஹர், படம் திருத்தப்பட்டது.
பெயருக்கு முன்னால் பேனாவை வைத்துவிட்டு
பென்சிலைத் தேடினேன்.
அவரே சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து,
பல்லால் கடித்துக் கூராக்கித் தந்தார்.